காற்றில் இருந்த இருபது பலம் தண்ணீர்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் எனக்கே தெரியாத ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். நல்லவர்தான். குடிகளை வருத்தியதில்லை, கோயில் விளக்கை அணையவிட்டதில்லை. ஆனால் காலையில் அவர் மனத்தில் ஒன்று தோன்றிவிட்டால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் அரண்மனையில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

அந்த அரசவையில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் சபை கூடியதும் அரசர் தம் கையாலேயே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, பாக்கும் ஏலமும் வைத்து மடித்து, தம் மனத்துக்கு மிகவும் உகந்தவருக்கு முதல் சுருளைக் கொடுப்பார். மற்றவர்களுக்கெல்லாம் ஏவலர்கள் தட்டில் கொண்டுவந்து நீட்டுவார்கள். இரண்டும் ஒரே கொடிக்கால் வெற்றிலைதான். இருந்தாலும் முதல் சுருள் வாங்கியவருக்கு அன்றைக்குத் தெருவில் கிடைக்கும் மரியாதையே தனி. எதிரே வருகிறவர்கள் பல்லக்குக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி நிற்பார்கள்.

பதினோரு ஆண்டுகளாக அந்த முதல் சுருள் வன்மீகநாதருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

வன்மீகநாதர் அரண்மனைத் துலாநாயகம். அந்த நாட்டில் எடைபோட வேண்டிய எதுவும் அவருடைய தராசில் ஏறி இறங்காமல் ஓர் அடி நகராது. பொன், முத்து, மிளகு, உப்பு, யானைத் தந்தம், கோயிலில் நேர்ந்துகொண்டவர்களின் துலாபாரம், எல்லாம் அவர் கண் முன்னால்தான். முப்பது ஆண்டுகளில் ஒரு குன்றிமணி எடையைக்கூட அவர் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கு ஏறி அங்கேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

அதே சபையில் குழைக்காதர் என்று ஒரு விகடர் இருந்தார். அரசரைச் சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வன்மீகநாதருக்கு அவர் மேல் எந்த வருத்தமும் இருந்ததில்லை. கடைசித் தூணடியில் உட்கார்ந்திருப்பவர் மேல் யாருக்காவது பொறாமை வருமா?

ஒரு கார்த்திகை மாதத்தில் வந்தது.

மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. சபையில் பாட்டுக் கச்சேரி. மத்தளக்காரர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மத்தளம் தொப்பென்றது. வாரை இறுக்கிவிட்டு மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே தொப்.

"என்ன ஐயா, மத்தளம் வாசிக்கிறீரா, தலையணையைத் தட்டிப் போடுகிறீரா?" என்றார் அரசர்.

மத்தளக்காரர் கைகூப்பினார். "அரசே, குற்றம் அடியேன் கையில் இல்லை. காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. தோல் அதைக் குடித்துத் தொய்ந்துவிட்டது."

"காற்றில் ஈரமா?" அரசர் கையை நீட்டிக் காற்றை ஒரு பிடி பிடித்தார். விரித்துப் பார்த்தார். உள்ளங்கை காய்ந்திருந்தது. "மழை விட்டு மூன்று நாள் ஆயிற்று. தரையில்கூட ஈரம் இல்லை. இவர் காற்றில் இருக்கிறது என்கிறார். துலாநாயகரே, நீர் சொல்லும். காற்றில் தண்ணீர் உண்டா?"

வன்மீகநாதருக்கு உண்மை நன்றாகத் தெரியும். மழை மாதத்தில் உப்பு நிறுத்தால் வீசைக்கு, அதாவது நாற்பது பலத்துக்கு, இரண்டு பலம் ஈரக் கழிவு தள்ள வேண்டும் என்பது துலாசாலையில் வாசல் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். ஆனால் முதல் சுருள் வாங்குகிறவர் அரசரின் முகத்தைப் பார்த்தல்லவா பேச வேண்டும்? அரசரின் முகம் 'இல்லை' என்ற பதிலுக்குக் காத்திருந்தது.

"என் தராசில் ஏறாத பொருள் உலகத்திலேயே இல்லாத பொருள், அரசே. இந்தக் காற்றில் தண்ணீர் இருப்பதாக அடியேனுக்குத் தோன்றவில்லை" என்றார். எடையில்தான் அவர் பொய் சொல்லமாட்டார். முகஸ்துதியில் அவருக்கு அந்த விரதம் கிடையாது.

"அப்படியானால் மத்தளக்காரர் பொய் சொல்கிறார்" என்றார் அரசர்.

 அப்போதுதான் கடைசித் தூணருகிலிருந்து குழைக்காதர் எழுந்து வந்தார். "அரசே, தண்டனை சொல்வதற்கு முன் அடியேனுக்கு ஒரு வெண்கலச் செம்பும், அதில் பாதி கிணற்று நீரும் தாருங்கள். வாணக்காரரிடம் இரண்டு கை வெடியுப்பும் வாங்கித் தரச் சொல்லுங்கள்."

எல்லாம் வந்தது. குழைக்காதர் செம்பின் வெளிப்புறத்தைத் துணியால் அழுத்தித் துடைத்து அரசரிடம் காட்டினார். வெடியுப்பை நீரில் போட்டுக் கலக்கினார். வெடியுப்பு கரைந்தால் தண்ணீர் சில்லிட்டுப்போகும். அந்தப்புரத்தில் கோடைக்குப் பானகத்தை அப்படித்தான் குளிர வைப்பார்கள். சற்று நேரத்தில் செம்பின் பளபளப்பு மங்கியது. மங்கல் பொடிப்பொடி முத்துக்களானது. முத்துக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடு கோடாக வழிந்தன.

"செம்பு ஒழுகுகிறது" என்றார் வன்மீகநாதர்.

"அரசே, உள்ளே இருப்பதை ஒரு சொட்டு நாவில் வையுங்கள். வெளியே இருப்பதையும் ஒரு சொட்டு வையுங்கள்" என்றார் குழைக்காதர்.

அரசர் உள்ளே விரலை விட்டு நாவில் வைத்தார். கரித்தது. வெளியே தொட்டு நாவில் வைத்தார். மழைத்தண்ணீர் போலச் சப்பென்று இருந்தது.

"உள்ளிருந்து ஒழுகினால் கரிக்க வேண்டுமே, அரசே. இது இந்தச் சபைக் காற்றில் இருந்த தண்ணீர். சூட்டில் காற்றோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. குளிர்ந்த செம்பைத் தொட்டதும் நீராகிவிட்டது. மத்தளத் தோல் குடித்ததும் இதைத்தான்."

அரசருக்கு அப்படி ஒரு சந்தோஷம். செம்பைத் துடைப்பார், மறுபடி வேர்க்கும். துடைப்பார், மறுபடி வேர்க்கும். அன்று சபை கலையும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை. மறுநாள் காலை வெற்றிலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சபையைச் சுற்றிப் பார்த்தார். பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் வன்மீகநாதர் பாதி எழுந்தே விட்டார்.

"குழைக்காதரே, இங்கே வாரும்" என்றார் அரசர்.

பாதி எழுந்தவர் மேல்துண்டைச் சரிசெய்ய எழுந்ததுபோல் பாவனை செய்துவிட்டு உட்கார்ந்தார். அது யார் கண்ணிலும் படவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். சபை முழுக்கப் பார்த்தது.

அன்று பிடித்தது வயிற்றெரிச்சல். கார்த்திகை போய் மார்கழி, தை என்று மாதங்கள் ஓடின. எரிச்சல் மட்டும் ஓடவில்லை. தினமும் காலையில் குழைக்காதர் சுருளை வாங்கும்போது, அரசர் எத்தனை ஏலக்காய் வைத்தார் என்று வன்மீகநாதர் கவனித்தார். தமக்கு ஒன்றுதான் வைப்பார், இவருக்கு இரண்டு! குழைக்காதர் எந்தப் பக்கத்துக் கடைவாயில் மெல்கிறார், எத்தனை நாழிகை மெல்கிறார், உதடு எவ்வளவு சிவக்கிறது என்றெல்லாம் கவனித்தார். தெருவில் குழைக்காதர் போனால் பின்னாலேயே போய், யார் யார் ஒதுங்கி வழிவிடுகிறார்கள் என்று கவனித்தார். தம் வீட்டில் அதே வெற்றிலையை அதே ஏலத்தோடு மடித்துத் தின்று பார்த்தார். சிவக்கவே இல்லை.

"என்னங்க, பித்தளைத் தட்டுல முகத்தைப் பார்த்துக்கிட்டு நாக்கை நீட்டுறீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவர் மனைவி அல்லியங்கோதை கவலைப்பட்டாள்.

"நீ உன் வேலையப் பாரு" என்றார்.

சித்திரை பிறந்தது. மேற்கேயிருந்து காற்று அடுப்பங்கரைச் சூட்டோடு அடித்தது. மாடியில் போட்ட வற்றல் அரைப் பகலில் சருகானது. கதவுப் பலகைகள் சுருங்கி இடுக்கு விட்டன. ஊரில் எல்லோருக்கும் உதடு வெடித்தது. மத்தளமோ, விரல் பட்டாலே கணீரென்றது.

வன்மீகநாதர் ஒன்று செய்தார். ஒரு வீசை உப்பை வாணலியில் வறுத்துத் தம் தராசின் ஒரு தட்டில் பரப்பினார். மறுதட்டில் எடைக்கல்லை வைத்தார். மூன்று நாள் அப்படியே விட்டுப் பார்த்தார். தராசின் முள் நட்ட நடுவில் நின்றது. காற்றில் உப்பு குடிக்கும் அளவுக்கு ஈரமே இல்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் சபையில் எழுந்து கைகூப்பினார். "அரசே, காற்றில் தண்ணீர் உண்டு என்று விகடர் காட்டினார். அடியேன் தலைவணங்கினேன். ஆனால் உண்டு என்று காட்டுவது பாதி வேலைதானே? எவ்வளவு உண்டு? ஒரு பலமா, நூறு பலமா? நிறுத்துச் சொல்லாத பொருளை நம்புவது எப்படி?"

அரசர் தொடையில் ஓங்கித் தட்டினார். "அதுதானே! ஐந்து மாதமாக இது எனக்குத் தோன்றவில்லையே! குழைக்காதரே, காற்றில் உள்ள தண்ணீரை எனக்கு நிறுத்துக் காட்ட வேண்டும். இந்த வாரத்துக்குள்!"

"இப்போதா, அரசே?" குழைக்காதர் வெடித்த உதட்டைத் தடவிக்கொண்டார். "மழைக்காலம் வரட்டும்..."

"ஏன்? கார்த்திகையில் மட்டும்தான் காற்று உண்டா?" என்றார் வன்மீகநாதர்.

சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். குழைக்காதர் முகம் சிறுத்ததை வன்மீகநாதர் கண்குளிரப் பார்த்தார்.

"நிறுக்கிறேன், அரசே. முடியாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறேன். முதல் சுருளைப் பழையபடி துலாநாயகருக்கே கொடுங்கள்."

"அப்படியே ஆகட்டும். என்ன வேண்டும் உமக்கு?"

"வறுத்த உப்பு இரண்டு வீசை, துலாநாயகரின் தராசு இரண்டு. தோட்டத்து மூலையில் இருக்கும் இரட்டை அறைகள். இரண்டும் அளவில் ஒன்றுதான். ஓர் அறையில் ஒரு தராசு, மற்றதில் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு தட்டில் உப்பு, ஒரு தட்டில் கல். சூரியன் உதித்ததிலிருந்து பத்து நாழிகை கழித்துத் திறந்து பார்ப்போம். முதல் அறையில் உப்பு எவ்வளவு கனத்திருக்கிறதோ, அது அந்த அறைக் காற்றிலிருந்து வந்த தண்ணீர்." குழைக்காதர் அரசர் பக்கம் திரும்பினார். "அந்த அறைக் காற்றில் உள்ள தண்ணீரைத்தானே தாங்கள் கேட்கிறீர்கள்? ஊர்க் காற்றில் உள்ளதை அல்லவே?"

"அந்த அறைக் காற்றுதான். பேச்சை வளர்க்காதீர்" என்று அரசருக்கு முன் வன்மீகநாதர் பதில் சொன்னார்.

"நல்லது. இன்னும் ஒரே ஒரு விண்ணப்பம், அரசே. காவலர்கள் வெளியே நிற்கட்டும். அறைக்குள் மட்டும் யாரும் இருக்கக் கூடாது."

வன்மீகநாதரின் காது நிமிர்ந்தது. "ஏன் இருக்கக் கூடாது?"

"சும்மாதான், ஐயா. உள்ளே ஆள் இருந்தால் சரிப்படாது."

"எது சரிப்படாது? கூரை ஓட்டைப் பிரித்து உப்பில் தண்ணீர் தெளிக்கச் சரிப்படாதா? அரசே, இதில் ஏதோ இருக்கிறது. முதல் அறைக்குள் அடியேனே உட்காருகிறேன். தராசை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன்."

"வேண்டாம் ஐயா, இந்த வெயிலில் பெரியவர் உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்று குழைக்காதர் பதறினார். "அப்படியே இருந்தாலும் சன்னலையாவது திறந்து வையுங்கள்."

"சன்னலை அடைப்பேன். கதவிடுக்கையும் அடைப்பேன். ஓட்டு இடைவெளியைக் களிமண்ணால் பூசுவேன்."

"ஐயோ, களிமண்ணாலா?"

"மேலே ஒரு பூச்சு மெழுகும் உண்டு!"

குழைக்காதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தம் இடத்துக்குப் போனார். அவர் எதற்குத் தலையைத் தொங்கப்போட்டார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். வன்மீகநாதர் ஊகிக்கவில்லை. பொறாமை பிடித்தவருக்கு எதிராளி வேண்டாம் என்பதெல்லாம் உடனே வேண்டும்.

அன்றே களிமண் பூசி மெழுகிட்டார்கள். இரண்டு நாள் வெயிலில் அது கல்லாகக் காய்ந்தது.

குறித்த நாள் விடிந்தது. வன்மீகநாதர் பட்டுச் சட்டை, தலைப்பாகை, அரைக்கச்சை எல்லாம் அணிந்து புறப்பட்டார். உடை குறையாமல்தான் தராசின் முன் உட்கார வேண்டும் என்பது அவருடைய நியமம்.

"ஏங்க, இந்த வேக்காட்டுல அடைச்ச ரூமுல உக்காரணுமா? அங்க யாராச்சும் ஒரு காவக்காரனை உக்கார வெச்சாப் போதாதா?" என்றாள் அல்லியங்கோதை.

"அவன் தில்லுமுல்லு காவக்காரனுக்குப் புரியுமா? எனக்குத்தான் புரியும்."

"அப்படின்னா இந்த மோரையாவது குடிச்சுட்டுப் போங்க. ஒரு சொட்டு தண்ணிகூட உள்ள எடுத்துட்டுப் போகமாட்டேன்னு சொல்றீங்களே." அவள் பெரிய சொம்பு நிறைய நீர்மோர் கொடுத்தாள். குடித்தார். இன்னொரு சொம்பு கொடுத்தாள். அதையும் குடித்தார்.

இரட்டை அறைகளின் வாசலில் அரசரும் சபையும் கூடியிருந்தார்கள். வன்மீகநாதர் தாமே ஒரு நிபந்தனை சொன்னார்: "அரசே, அடியேன் ஈரம் எதையும் உள்ளே கொண்டுபோனேன் என்று நாளை ஒருவரும் சொல்லக் கூடாது. துலாபாரத் தராசைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை என்னை நிறுங்கள்."

"எங்கள் துலாநாயகர் என்றால் துலாநாயகர்தான்" என்று அரசர் மெச்சினார். அவரை நிறுத்து, அதற்கு ஈடான கற்களைத் தட்டிலேயே விட்டு வைத்தார்கள். இரண்டு அறைகளிலும் உப்பும் கல்லும் சமமாக நின்றதை வன்மீகநாதர் சத்தமாக அறிவித்தார். இரண்டாவது அறைக்கு அரச முத்திரை விழுந்தது. முதல் அறைக்குள் அவர் நுழைந்தார். கதவு சாத்தி வெளியிலிருந்து இடுக்கெல்லாம் களிமண் அப்பினார்கள்.

உள்ளே ஒரு சிறு கண்ணாடித் துண்டு வழியாகக் கூரையிலிருந்து வெளிச்சம் விழுந்தது. அதற்கு நேர் கீழே தராசு. வன்மீகநாதர் மணைப்பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முள்ளையே பார்த்தார். மனம் நிறைவாக இருந்தது. பத்து நாழிகை. பிறகு குழைக்காதர் மூட்டையோடு ஊர் எல்லையைத் தாண்டுவார். நாளைக் காலை ஏலம் மணக்கும் முதல் சுருள்.

முதல் இரண்டு நாழிகை முள் அசையவில்லை. அவருக்குத்தான் வேர்த்தது. கழுத்து, முதுகு, காதோரம் என்று வழிந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துண்டு கொஞ்ச நேரத்தில் காய்ந்தது. மறுபடி துடைத்துக்கொண்டார்.

நான்காம் நாழிகையில் முள் ஒரு மயிரிழை சாய்ந்தது.

 எழுந்து போய் மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்தார். உப்புத் தட்டு இறங்கியிருந்தது. கூரையைப் பார்த்தார், களிமண் அப்படியே இருந்தது. சன்னலைத் தடவினார், மெழுகு கலையவில்லை. தரையில் குப்புறப் படுத்துக் கதவடியைப் பார்த்தார். ஓர் எறும்பு நுழையவும் வழியில்லை.

'எப்படிச் செய்கிறான்?' என்று நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. ஆத்திரத்தில் அறையைச் சுற்றி நடந்தார். நடக்க நடக்க இன்னும் வேர்த்தது. குழைக்காதர் வெளியே அரசரோடு நின்று சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தார். உடம்பெல்லாம் பற்றி எரிந்து, ஊற்றெடுத்ததுபோல் வேர்த்துக் கொட்டியது. பெருமூச்சு விட்டார். ஒன்றல்ல, நூறு. ஒவ்வொரு பெருமூச்சுக்கும் தட்டு மெள்ள மெள்ளத் தாழ்ந்தது. ஏழாம் நாழிகையில் உப்பின் மேற்புறம் பளபளத்தது.

அப்போது அவர் கண் தம் விரலிலிருந்த மோதிரத்தின் மேல் விழுந்தது. கல் இருக்கும் தட்டில் இந்த மோதிரத்தை வைத்துச் சற்றுக் கையால் அழுத்திக்கொண்டால் போதும். திறக்கிற நேரத்தில் முள் நேராக நிற்கும். அரசருக்குக் கிட்டப்பார்வை. எடையை வாயால் சொல்லப்போகிறவர் துலாநாயகம்தான். முதல் சுருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மோதிரத்தைக் கழற்றினார். தட்டுக்கு மேலே கொண்டுபோனார்.   பிறகு மோதிரத்தைத் திரும்ப விரலில் போட்டுக்கொண்டு, மூலையில் போய் உட்கார்ந்து, அழுதார். பாவம், அந்தக் கண்ணீரும் அந்த அறைக் காற்றில்தான் சேர்ந்தது.

பத்தாம் நாழிகை முடிந்தது. களிமண்ணை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்த அரசர் சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல் குப்பென்று வெக்கை அடித்தது.

"துலாநாயகரே, எடை என்ன?"

வன்மீகநாதர் எழுந்து வந்தார். கல் தட்டில் ஒரு பலம் வைத்தார், இரண்டு வைத்தார், மூன்று வைத்தார். முள் நேராக நின்றது. "உப்பு மூன்று பலம் கூடியிருக்கிறது, அரசே" என்றார். 

"உள்ளே யாராவது வந்தார்களா?"

"இல்லை, அரசே."

"யாராவது தண்ணீர் தெளித்தார்களா?"

"இல்லை. கண்ணை இமைக்காமல் பார்த்திருந்தேன். ஒரு சொட்டு வெளியிலிருந்து வரவில்லை."

"அப்படியென்றால் காற்றிலிருந்துதான் வந்தது! ஆனால் குழைக்காதரே, வெளிக்காற்று இப்படிக் காய்கிறதே. இந்த அறைக் காற்றுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது தண்ணீர்?"

"துலாநாயகர் ஒரு நிபந்தனை வைத்தாரே, அரசே. வெளியே வந்ததும் தம்மை நிறுக்கச் சொன்னாரே" என்றார் குழைக்காதர் பணிவாக.

நனைந்த உடையோடு வன்மீகநாதரைத் துலாபாரத் தட்டில் ஏற்றினார்கள். கல் தட்டு தரையிலேயே கிடந்தது. அவர் மேலே தொங்கினார். அவரருகில் கல்லை அடுக்கினார்கள். பத்துப் பலம் வைத்தும் போதவில்லை. பதினைந்து போதவில்லை. இருபது வைத்ததும் இரண்டு தட்டும் சமமாயின.

அரசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "துலாநாயகரே, நீர் இருபது பலம் குறைவாக வந்திருக்கிறீர். மீதி உம்மை எங்கே விட்டுவிட்டு வந்தீர்?"

சபை கொல்லென்று சிரித்தது.

"அந்த அறைக் காற்றில்தான், அரசே" என்றார் குழைக்காதர். "வேர்வையாகவும் மூச்சாகவும் போன தண்ணீர் இருபது பலம். அதில் மூன்றை உப்பு பிடித்துக் காட்டியது. மீதி பதினேழு பலம் காற்றிலும் சுவரிலும் இருக்கிறது. அறைக் காற்று எத்தனை பலம் குடித்தது என்று நம் துலாநாயகரின் தராசே சொல்லிவிட்டது. அந்த அறைக் காற்று என்றுதான் அவரும் உறுதிசெய்தார். யாருடைய தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை."

அரசருக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு எதையோ யோசித்தார். "சரி, அந்த இரண்டாவது அறை எதற்கு?"

"திறக்கச் சொல்லுங்கள். அதையும் துலாநாயகரே பார்த்துச் சொல்லட்டும்."

முத்திரையை உடைத்தார்கள். வன்மீகநாதர் உள்ளே போனார். உப்பு காலையில் பரப்பியபடி பொலபொலவென்று உலர்ந்து கிடந்தது. முள்ளைப் பார்த்தார். முள் நட்ட நடுவில் நின்றது. 

"என்ன எடை?" என்று அரசர் வெளியிலிருந்து கூப்பிட்டார்.

"மாற்றம் இல்லை, அரசே" என்றார் வன்மீகநாதர். சொல்லும்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆளில்லாத அறையில் உப்பு ஓர் இம்மிகூடக் கனக்கவில்லை. தாம் மட்டும் உள்ளே போகாமல் இருந்திருந்தால்!

அரசருக்கும் விளங்கியது. "குழைக்காதரே, இவர் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் நீர் தோற்றிருப்பீரே!"

"தோற்றிருப்பேன், அரசே. மூட்டையைக் கட்டிவிட்டுத்தான் வந்தேன். அதோ, மதிலோரம் இருக்கிறது."

"இவர் உள்ளே உட்காருவார் என்று எப்படி நம்பினீர்?"

குழைக்காதர் வன்மீகநாதரைப் பார்த்தார். அவர் குரலில் கேலி இல்லை. "ஐந்து மாதமாக இவர் என் மேலிருந்து ஒரு நாள்கூடக் கண்ணை எடுத்ததில்லை, அரசே. நான் வெற்றிலை மெல்வதைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சுருளைத் தாமே ஜெயிக்க வேண்டிய நாளில் மட்டும் கண்ணை எடுத்துவிடுவாரா?"

 வன்மீகநாதர் தலையைக் குனிந்துகொண்டார்.

அரசர் மெதுவாகக் கேட்டார்: "துலாநாயகரே, நீர் தனியாகத்தானே இருந்தீர்? தட்டில் ஒரு விரலை வைத்திருந்தால் நீர்தானே ஜெயித்திருப்பீர்?"

"தோன்றியது, அரசே. மோதிரத்தைக்கூடக் கழற்றினேன். கை இறங்கவில்லை." அவர் நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "தராசில் பொய் சொல்ல எனக்குத் தெரியாது."

அரசர் வெற்றிலைச் செல்லத்தைக் கொண்டுவரச் சொன்னார். அங்கேயே இரண்டு சுருள் மடித்தார். முதலாவதைக் குழைக்காதருக்குக் கொடுத்துத் தம் தோளிலிருந்த சரிகைப் பட்டையும் போர்த்தினார். இரண்டாவதைத் தம் கையாலேயே வன்மீகநாதரிடம் நீட்டினார். சபையில் ஒரு சலசலப்பு. இரண்டாவது சுருளை அரசர் கையால் அதுவரை யாரும் வாங்கியதில்லை.

வன்மீகநாதர் அதை வாயில் போட்டார். மென்று பார்த்தார். வாயில் எச்சில் இல்லை. வெற்றிலை வைக்கோலாகச் சுழன்றது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் திணறியபோது எதிரே ஒரு செம்பு நீண்டது. நீட்டியவர் குழைக்காதர்.

"குடியுங்கள், ஐயா. நிறுத்துத்தான் கொண்டுவந்தேன். இருபது பலம். ஒரு சொட்டுக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை."

வேண்டாம் என்று சொல்ல வன்மீகநாதருக்கு ஆசைதான். தாகம் விடவில்லை. செம்பை வாங்கி அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.